நடந்து இறங்கும் மழை

எங்கள் வீட்டு முற்றத்தில், ஓட்டுக் கூரையின் இரண்டு சரிவுகள் சேர்கிற கூடல்வாயிலிருந்து ஓர் இரும்புச் சங்கிலி தொங்குகிறது. பழைய ஊஞ்சல் சங்கிலி. ஊஞ்சல் பலகையைக் கறையான் தின்றுவிட்ட வருஷம், மிச்சமிருந்த நான்கு சங்கிலிகளில் ஒன்றை அப்பா துருப் போகத் தேய்த்து, எண்ணெய் போட்டு, அங்கே மாட்டினார். அதற்கு முன்னால் கூடல்வாய்த் தண்ணீர் ஒரே இடத்தில் விழுந்து விழுந்து முற்றத்தில் குழி பறித்திருந்தது. தெறித்த சேறு திண்ணைச் சுவரில் இடுப்புயரத்துக்குக் கறை போட்டது. பொங்கலுக்கு அடித்த வெள்ளை ஒரு சாரலுக்குக்கூடத் தாங்கவில்லை என்று அம்மா சொல்லிக்காட்டிக்கொண்டே இருந்தாள். சங்கிலி வந்த பிறகு அவள் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. சங்கிலிக்கு அடியில் ஓர் ஆட்டுரல். கிரைண்டர் வந்த நாளிலிருந்து வேலையில்லாமல் கிடந்தது. அதன் குழியில் தண்ணீர் நிறைந்து, வழிந்து, கொல்லையிலுள்ள வாழைக்குப் போகிறது.

அழகுக்கென்று யாரும் அதை மாட்டவில்லை. ஆனாலும் ஜூன் பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று இறங்கி, முதல் சாரல் விழுந்துவிட்டால், வீட்டுக்கு வருகிற எவரும் அந்தச் சங்கிலியைப் பார்த்து ஒரு நிமிஷம் நிற்காமல் போனதில்லை. தண்ணீர் அதில் விழுவதில்லை, நடந்து இறங்குகிறது. ஒரு கண்ணியை வளைந்து சுற்றி, அதன் அடியில் ஒரு கணம் தயங்கி, அடுத்த கண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறது. பத்தடி உயரத்தை ஒரே தாவலில் கடக்க வேண்டிய தண்ணீர், வயதானவர் படியிறங்குகிற மாதிரி, பிடித்துப் பிடித்து வந்து சேர்கிறது.

செங்கோட்டையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போகிற சாலையில் தமிழ்நாட்டின் கடைசி ஊர்களில் ஒன்று புளியறை. ஊருக்கு மேற்கே மலை எழும்பி நிற்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்க்கிற தென்மேற்குப் பருவமழையின் மிச்சத்தைக் கணவாய் சல்லடை போட்டுச் சலித்து எங்களுக்கு அனுப்புகிறது. சலித்து வந்த மாவுக்குப் பெயர் சாரல். வெயிலும் அடிக்கும், தூறலும் விழும். குடை பிடித்தாலும் நனைவோம், பிடிக்காவிட்டாலும் பெரிதாக நனைந்துவிட மாட்டோம். 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்தப் பகுதி முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. கூரையைச் செங்குத்தாகச் சரிப்பதும், இறவானத்தை நன்றாக வெளியே நீட்டுவதும், நடுவில் முற்றம் விடுவதும் மலைக்கு அப்பாலும் இப்பாலும் ஒரே கணக்கு. மழையோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்பதில் எல்லைக்கோடு குறுக்கே வந்ததில்லை.

இந்தச் சங்கிலியைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம், இது பார்த்தேயிராத ஒரு பருவம்.

*

சித்தி மகள் கனடாவில் இருக்கிறாள். டொராண்டோ நகரத்தின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் வீடு. தமிழ்க் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே தெருவைக் கடந்துவிடலாம் என்பாள். இரண்டு வருஷங்களுக்கு முன் சாரலுக்கு ஊர் வந்தவள் முற்றத்தில் உட்கார்ந்து, காப்பி ஆறிப்போகிற வரை இந்தச் சங்கிலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் போனதும் அங்கே ஒன்று வாங்கி மாட்டினாள். செம்பில் செய்தது, சின்னச் சின்னக் கிண்ணங்களைக் கோத்தது. கூரையோரத் தகரக் கால்வாயிலிருந்து இறங்கும் குழாயைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் இதைத் தொங்கவிட்டிருந்தாள். அந்தத் தகரக் கால்வாயை அவள் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா ‘பீலி’ என்று சொல்வாராம். அவளும் இப்போது பீலி என்றுதான் சொல்கிறாள். கோடை முழுக்க வீடியோ அனுப்பினாள். ஜனவரியில் ஒருநாள் ராத்திரி கூப்பிட்டாள்.

“அண்ணே, சங்கிலி செத்துப்போச்சு.”

“அறுந்துட்டா?”

“அறுந்திருந்தாக்கூடப் பரவாயில்ல. கம்பி மாதிரி வெறச்சு நிக்கி. பீலியையும் சேத்து இழுக்கு. ஒங்க வீட்டுச் சங்கிலி மட்டும் எப்படிண்ணே இத்தனை வருஷம் நிக்கி?”

என்னிடம் பதில் இல்லை. எங்கள் வானத்துக்குத் தெரிந்த ஐஸ் ஒன்றே ஒன்றுதான், கோடை மழையில் எப்போதாவது விழும் ஆலங்கட்டி. அதையும் பிள்ளைகள் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்வதற்குள் பாதி கரைந்திருக்கும். படத்தை அனுப்பச் சொன்னேன். பார்த்ததும் பால்ய காலத்துக் குச்சி ஐஸ்தான் ஞாபகத்துக்கு வந்தது. உள்ளே குச்சி, சுற்றிலும் ஐஸ். குச்சி இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கிண்ணங்கள் வரிசையாக மங்கித் தெரிந்தன. கண்ணாடிக்குள் அகப்பட்ட கொலுசு போல அழகாகவே இருந்தது. அழகு பீலியின் ஒரு முனையைக் கூரையிலிருந்து இரண்டு விரற்கடை பிரித்தெடுத்திருந்தது.

*

மழைச் சங்கிலிக்கு ஜப்பானில் ‘குசாரி தோய்’ என்று பெயர். குசாரி என்றால் சங்கிலி, தோய் என்றால் தூம்பு. கோயில்களிலும் தேநீர்க் குடில்களிலும் மூடிய குழாய்க்குப் பதிலாக இதைத் தொங்கவிட்டார்கள். குழாய் தண்ணீரை மறைத்துக் கொண்டுபோகும். சங்கிலி காட்டிக்கொண்டே கொண்டுபோகும். மழை பெய்வதை உள்ளே உட்கார்ந்து பார்ப்பதையும் கேட்பதையும் வாழ்க்கையின் வேலைகளில் ஒன்றாக எண்ணியவர்களின் ஏற்பாடு.

அது வேலை செய்வதற்குத் தண்ணீரின் இரண்டு குணங்கள் போதும். தண்ணீருக்குத் தன்னைத்தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் குணம் உண்டு. தொட்ட பொருளை ஒட்டிக்கொள்ளும் குணமும் உண்டு. கொஞ்சமாக வரும்போது இரண்டும் சேர்ந்து அதைக் கண்ணியோடு ஒட்டிவைக்கின்றன. பெருமழை கொட்டும்போது தண்ணீரின் வேகம் இந்தப் பிடிப்பை மீறிவிடும். அப்போது வெறும் வளையச் சங்கிலியில் தண்ணீர் நாலாபக்கமும் சிதறும். கிண்ணச் சங்கிலி பரவாயில்லை. ஒவ்வொரு கிண்ணமும் அடியில் ஓட்டையுள்ள ஒரு புனல். சிதறப் பார்க்கிற தண்ணீரைத் திரட்டி அடுத்ததில் ஊற்றிக்கொண்டே போகும்.

இந்த வித்தையைக் குற்றாலத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேரருவி மலையுச்சியிலிருந்து நேராக நம் தலையில் விழுந்தால் குளிக்க முடியாது. எலும்பை எண்ணிக்கொண்டுதான் திரும்ப வேண்டும். விழுகிற தண்ணீரை நடுவழியில் பொங்குமாங்கடல் வாங்கிக்கொள்கிறது. பாறையில் குடைந்த அந்தப் பெருங்குழி விழுந்த வேகத்தைத் தின்றுவிட்டு, மிச்சத்தைப் பாறையின் அகலத்துக்கும் பரப்பிக் கீழே விடுகிறது. எண்ணெய் தேய்த்த தலையோடு அடியில் நிற்கிறவனுக்குக் கிடைப்பது, ஒரு கிண்ணத்தில் தங்கிப் புறப்பட்ட தண்ணீர். அந்தக் கிண்ணமும் சமாளிக்க முடியாத நாட்கள் உண்டு. தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி வெளியே கொட்டத் தொடங்கினால் போலீஸ்காரர் விசில் ஊதிவிடுவார். ‘ஆர்ச்சத் தாண்டி விழுது’ என்று ஊரில் ஒருவர் சொன்னால் இன்றைக்குக் குளியல் கிடையாது என்று பொருள்.

தென்னை மரத்திலும் இதே ஏற்பாடு உண்டு. மட்டைகளில் விழுந்த மழை உச்சிக் குருத்தில் கூடித் தண்டோடு ஒட்டி இறங்கும். நடுத்தண்டில் ஓர் ஓலைக்கீற்றைச் சாய்த்துக் கட்டிவிட்டால் அந்தத் தண்ணீர் கீற்றின் நுனி வழியாகக் குடத்துக்கு வந்துவிடும். அலங்காரம் என்ற நினைப்பே இல்லாதவர்கள் செய்த மழைச் சங்கிலி அது.

அலங்காரத்தையே முழுவேலையாக எடுத்துக்கொண்டவர்கள் செய்த சங்கிலியும் நம்மிடம் இருக்கிறது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தின் மூலைகளில் தொங்கும் கல் சங்கிலிகள். ஒரே கல்லில் குடைந்த வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்று கோத்து, ஒட்டு இல்லாமல். முதல்முறை பார்த்தபோது எனக்கு வியப்பைவிட ஒரு சந்தேகம்தான் முந்தி வந்தது. இது எதற்கு? எதையும் கட்டவில்லை, எதையும் தூக்கவில்லை, தண்ணீரைக்கூட இறக்கவில்லை. கல்லும் வளையும் என்று காட்டிவிட்டுச் சும்மா தொங்குகிறது. அதுவும் ஒரு வேலைதான் என்று புரிய எனக்கு வயதாக வேண்டியிருந்தது. என் வீட்டுச் சங்கிலி வேலைக்கென்று வந்து அழகானது. காஞ்சிபுரத்துச் சங்கிலி அழகுக்கென்றே பிறந்தது. ஸ்கார்பரோவில் உறைந்து நின்ற சங்கிலி இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அழகுக்கு என்று வாங்கப்பட்டு, தூக்கவே முடியாத ஒரு வேலை அதன் தலையில் ஏற்றப்பட்டது.

*

என்ன நடந்தது என்று நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து படித்தோம், கேட்டோம், கணக்குப் போட்டோம்.

முதலில் எனக்கு அதிர்ச்சி தந்தது இதுதான்: வெறும் குளிரால் அந்தப் பனிக்குச்சி உண்டாவதில்லை. வெளியே பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே போனால் கூரைமேல் கிடக்கும் பனி தன்பாட்டில் கிடக்கும்; சொட்டாது. சொட்டுவதற்குச் சூடு வேண்டும். வீட்டுக்குள் ஹீட்டர் ஓடுகிறது. அந்தச் சூட்டில் கொஞ்சம் கூரை வழியாகக் கசிகிறது. மேலே பனியின் அடிப்பகுதி உருகி, ஓரத்துக்கு வழிந்து, பீலியில் விழுந்து, சங்கிலியில் இறங்கத் தொடங்குகிறது. கூரையின் கதகதப்பை விட்டு வெளிக்காற்றுக்கு வந்ததும் நாலு பக்கமும் குளிர் பிடித்துக்கொள்கிறது. உலோகம் சூட்டை உடனே கைவிடுகிற ஜாதி. மெல்லிய ஏடாக ஒட்டி இறங்கும் தண்ணீர், எந்த ஒட்டுதலால் அழகாக நடந்ததோ அதே ஒட்டுதலால் அங்கேயே உறைகிறது. பகலில் வெயில் கொஞ்சம் உருக்கும்; இரவு அதை மறுபடி இறுக்கும். ஒவ்வொரு நாளும் ஒரு பூச்சு.

எங்கள் ஊர்ப் பனி வெயில் வந்தால் போய்விடும். அவள் ஊர்ப் பனி வெயில் வந்தால்தான் வேலையைத் தொடங்குகிறது. புல்நுனியில் நிற்கும் துளிக்கும், மார்கழி விடியலில் வயல்மேல் படியும் புகைக்கும், நீலகிரியில் தேயிலையைக் கருக்குவதற்கும், அவள் வாசலில் முழங்கால்வரை குவிவதற்கும் நாம் வைத்திருப்பது ‘பனி’ என்ற ஒரே சொல். ஆறு பருவங்களில் இரண்டை முன்பனி, பின்பனி என்று அதற்கே எழுதிக் கொடுத்திருக்கிறோம். அந்தச் சொல்லுக்குள் இத்தனை எடை இருந்ததை இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

எடை என்றதும் கணக்குக்கு வருகிறேன். இரண்டரை மீட்டர் நீளச் சங்கிலி. அதைச் சுற்றிப் பத்து சென்டிமீட்டர் விட்டத்துக்கு ஐஸ் சேர்ந்தால் சுமார் 18 கிலோ. சரி, ஒரு சின்ன மூட்டை என்று விட்டுவிடலாம். தடிமன் இரண்டு மடங்காகி இருபது சென்டிமீட்டர் ஆனால் எடை இரண்டு மடங்கு ஆகாது. நான்கு மடங்கு, 72 கிலோ. வளர்ந்த ஓர் ஆள் பீலியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற கணக்கு. பீலி மழைத்தண்ணீரைப் பக்கவாட்டில் ஓடவிடுவதற்காகச் செய்த மெல்லிய தகரம். ஆளைத் தொங்கவிட அதில் யாரும் ஆணி அடித்திருக்கவில்லை.

கிண்ணங்களுக்கு வேறு ஒரு கஷ்டம். தண்ணீர் உறையும்போது பருமன் ஒன்பது சதவீதம் அளவுக்குக் கூடுகிறது. முதலில் கிண்ணத்தின் அடி ஓட்டை உறைந்து அடைபடும். பிறகு மேலே தேங்குகிற தண்ணீர் உறைந்து விரியப் பார்க்கும். செம்பு கொஞ்சம் வளைந்து கொடுக்கும். பற்றவைத்த மூட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது, வாய் பிளந்துவிடும். வெறும் வளையச் சங்கிலியில் தேங்க இடமில்லை, பிளக்கவும் ஒன்றுமில்லை. மழையில் சிதறுகிற வளையச் சங்கிலி பனியில் பிழைத்துக்கொள்கிறது. மழையில் ஒழுங்காக நடந்துகொள்கிற கிண்ணச் சங்கிலிக்குப் பனியில் அடி விழுகிறது. எதையும் பிடித்து வைக்காதவனுக்கு நஷ்டமும் குறைவு என்று ஆச்சி சொல்வது போலிருந்தது.

ஆனால் நான் அதிக நேரம் யோசித்தது வேறொன்றை. சங்கிலிக்கும் கம்பிக்கும் என்ன வித்தியாசம்? சங்கிலியில் ஒவ்வொரு கண்ணிக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியால்தான் அது ஆடுகிறது, மடிகிறது, காற்றுக்கு விலகிக் கொடுக்கிறது. உறைபனி முதலில் நிரப்புவது அந்த இடைவெளியைத்தான். அது நிரம்பியதும் இருபது முப்பது கண்ணிகள் சேர்ந்து ஒரே தடியாகிவிடுகின்றன. உலோகம் அப்படியே இருக்கிறது, ஒரு கண்ணியும் அறுபடவில்லை. ஆனாலும் அது இப்போது சங்கிலி இல்லை. ‘செத்துப்போச்சு’ என்று அவள் சொன்னது சரிதான். தண்ணீரை விட்டுவிடுவது அதன் தொழில். விட முடியாமல், வந்ததையெல்லாம் தன்மேலேயே சுமந்துகொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

ஸ்கார்பரோக்காரர்களுக்கு ஐஸின் எடை புதிதல்ல. 2013 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு நாலைந்து நாள் முன்பு, அங்கே உறைமழை பெய்தது. மழையாகவே விழுந்து, தொட்ட இடத்தில் ஐஸாகிற மழை. மரங்கள் கண்ணாடிச் சட்டை போட்டுக்கொண்டு நின்றன. பிறகு கிளைகள் முறிந்து மின்கம்பிகள்மேல் விழுந்தன. டொராண்டோவில் சுமார் மூன்று லட்சம் இணைப்புகளில் மின்சாரம் போனது. சில தெருக்களில் அது திரும்பி வரப் பத்து நாள்போல ஆயிற்று. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா அந்த ராத்திரிகளைப் பற்றிச் சொல்லும்போது சத்தத்தைத்தான் சொல்வாராம். தூரத்தில் வேட்டுச் சத்தம்போலக் கிளைகள் முறிந்துகொண்டே இருந்தனவாம். வேட்டுச் சத்தத்தை வேறு காரணத்துக்காக ஞாபகம் வைத்திருக்கிறவர்கள் நிறைந்த தெரு அது.

*

மழைச் சங்கிலி பனியே தெரியாத தேசத்து விளையாட்டுப் பொருள், அதைக் கொண்டுபோய்க் கனடாவில் மாட்டியது தப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த நினைப்பும் தப்பு. ஜப்பானில் செம்பு, வெண்கல வார்ப்புக்குப் பெயர்போன ஊர் தகாவோகா. 1611-இல் மயேதா தோஷினாகா என்ற பிரபு ஏழு வார்ப்புக்காரர்களை வரவழைத்துக் குடியமர்த்தியதிலிருந்து அந்தத் தொழில் நடக்கிறது. தகாவோகா இருப்பது தொயாமா மாகாணத்தில். இன்றைக்கும் அந்த மாகாணத்தில் மழைச் சங்கிலி செய்கிறார்கள். ஜப்பானிலேயே பனி அதிகமாக விழும் கடலோரங்களில் ஒன்று அது. ஆக, சங்கிலி பிறந்த வீட்டிலேயே பனிக்காலம் உண்டு.

தொயாமாவுக்கு அடுத்த மாகாணத்தில் கனசாவா நகரம். அங்கே கென்ரோகுஎன் என்றொரு பழைய தோட்டம். வருஷந்தோறும் நவம்பர் 1 அன்று தோட்டக்காரர்கள் மரங்களுக்குக் கயிறு கட்டத் தொடங்குகிறார்கள். ஒவ்வொரு பைன் மரத்துக்கும் அருகே உயரமான ஒரு கம்பம். அதன் உச்சியிலிருந்து குடைக்கம்பிகளைப் போல வைக்கோல் கயிறுகள் இறங்கி ஒவ்வொரு கிளையையும் தாங்கிப் பிடிக்கின்றன. பனி விழுந்த பிறகு ஓடுவதில்லை. விழப்போகிற பனிக்கு ஒரு மாதம் முன்பே கயிறு தயாராகிவிடுகிறது. குளிர்காலம் முடிந்ததும் அவ்வளவையும் அவிழ்த்துவிடுகிறார்கள். அந்தக் கயிற்றுக் கூம்புகளைப் பார்க்கவே சனங்கள் வருகிறார்கள். முன்னெச்சரிக்கையே அங்கே அலங்காரமாகிவிட்டது.

ஊட்டியிலும் இதற்கு ஒரு தம்பி உண்டு. மேகமில்லாத டிசம்பர், ஜனவரி இரவுகளில் தலைக்குந்தா, காந்தல் பக்கம் புல்வெளி வெள்ளை வெளேரென்று விடியும். அரசு தாவரவியல் பூங்காவில் நாற்றுகளைக் கோத்தகிரி மிலார்ச் செடிகளைக் கொண்டு மூடி வைப்பார்கள். விடிந்ததும் வெயில் சுடுவதற்குள் தண்ணீர் தெளித்து உறைபனியைக் கழுவிவிடுகிற தோட்டக்காரர்கள் உண்டு. 2019 ஜனவரியில் மூணாறு எஸ்டேட்டுகளில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போய், தேயிலை ஏக்கர் கணக்கில் கருகியது. அங்கேயும் கொன்றது குளிர் பாதி, குளிர்ந்த இலைமேல் சட்டென்று விழுந்த காலை வெயில் பாதி.

பனியை விரும்பிக் கூப்பிட்டுத் தங்கவைக்கிறவர்களும் இருக்கிறார்கள். லடாக்கில் சோனம் வாங்சுக் 2013-இல் தொடங்கிய ஐஸ் ஸ்தூபி அப்படிப்பட்டது. மேட்டு ஓடையிலிருந்து குழாயில் தண்ணீரைக் கீழே கொண்டுவந்து, மோட்டார் இல்லாமல் அதன் சொந்த அழுத்தத்தாலேயே குளிர்கால இரவில் மேல்நோக்கிப் பீய்ச்சுகிறார்கள். கீழே விழுவதற்குள் அது உறைந்து கூம்பாக வளர்கிறது. கூம்பு வடிவம் வெயிலுக்குக் கொஞ்ச மேனியைத்தான் காட்டும். அதனால் மெதுவாக உருகி, ஏப்ரல் மே மாதங்களில் விதைப்புக்குத் தண்ணீர் தருகிறது. தங்கச்சி வீட்டுப் பீலியைப் பிடுங்கிய அதே காரியம், லேயில் ஒரு குடியானவனுக்குச் சேமிப்பு. விழுந்து உறைகிற தண்ணீரின்மேல் தப்பில்லை. அதைத் தாங்க என்ன நிறுத்தியிருக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. லடாக்கில் கூம்பின் எடையைத் தரை தாங்குகிறது. ஸ்கார்பரோவில் அதை ஒரு தகரத்தின் உதட்டில் தொங்கவிட்டிருந்தோம்.

*

இதையெல்லாம் படித்த பிறகுதான், என் வீட்டுச் சங்கிலிக்கும் ஒரு கெட்ட பருவம் உண்டு என்பது உறைத்தது. கண்ணெதிரே இருந்ததால் அதை நான் பருவம் என்றே எண்ணியதில்லை. எங்கள் குளிர்காலம் ஆடி மாதம். கணவாயின் வாயில் ஊர் இருக்கிறது. தென்காசியைச் சுற்றிக் காற்றாலைகளை வரிசையாக நட்டிருக்கிறார்கள் என்றால் சும்மா இல்லை. தென்காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நுழைகிறவர்களை முதலில் எதிரே வந்து தள்ளி, பிறகு பின்னாலிருந்து உள்ளே தள்ளிக் கொண்டுபோகிற காற்றும் இந்தக் காற்றுதான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று மற்ற ஊர்க்காரர்கள் பழமொழிக்காகச் சொல்கிறார்கள்.

அப்பா சங்கிலியை மாட்டிய முதல் ஆடியில் அது பேயாட்டம் ஆடி, இரண்டு ஓட்டை உடைத்து, தண்ணீரையெல்லாம் திண்ணைக்குள்ளேயே வீசியடித்தது. அம்மாவுக்குப் பேச மறுபடி விஷயம் கிடைத்தது. அப்பா அடிக்கண்ணியில் ஒரு கம்பியைக் கோத்து ஆட்டுரலின் கழுத்தோடு கட்டினார். இறுக்கிக் கட்டவில்லை. நாலு விரல் ஆடுவதற்கு இடம் விட்டார். ஏன் என்று நான் கேட்டதற்கு, “ஒரேயடியா இழுத்துக் கட்டுனா ஓட்டப் பிடுங்கும்லா. அதுவும் கொஞ்சம் மூச்சு விடணும்” என்றார். அவர் படித்தது எட்டாம் வகுப்பு.

அந்த ஆடி மாதத்திலும் புயல்போல அடிக்கிற ரெண்டு மூன்று நாள் இருக்கும். அந்த நாட்களில் அவர் ஸ்டூல் போட்டு ஏறி, சங்கிலியைக் கழற்றிச் சுருட்டி அரிசிப்பானைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். தண்ணீர் முன்போலக் கூடல்வாயிலிருந்து நேரே ஆட்டுரலில் விழுந்து சிதறும். சுவர் கறையாகும். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. காற்று அடங்கினதும் மறுபடி மாட்டுவார். அது எங்கள் வீட்டில் ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது. சங்கிலி எப்படி இத்தனை வருஷம் நிற்கிறது என்ற கேள்விக்குப் பதில், அது எல்லா நாளும் நிற்கவில்லை என்பதுதான்.

தங்கச்சியிடம் இதைச் சொன்னேன். அவள் விசாரித்த இடங்களிலும் அதையேதான் சொன்னார்களாம். சங்கிலி மாட்டும் கொக்கியைத் தகரத்தில் மாட்டாமல் கூரைச் சட்டத்தில் பலமாக அறையலாம். காற்றுக்கு ஊசலாடாமல் அடியை ஒரு கல்லோடு பிணைக்கலாம். கிண்ணத்தை விட்டுவிட்டு வளையத்துக்கு மாறலாம். இத்தனையும் செய்யலாம். எல்லாவற்றையும்விட எளிது, முதல் பனிக்கு முன்னால் கழற்றி வைத்துவிட்டுப் பழைய குழாயைத் திரும்ப மாட்டிவிடுவது.

அவள் குரலில் ஒரு சோர்வு. “அப்போ அது வருஷத்துல ஏழு மாசத்துக்குத்தானாண்ணே?” என்றாள். தோற்றுப்போனது போன்ற குரல். குளிரைச் சமாளிக்கிற சங்கிலி என்றால் குளிருக்குள் நின்று காட்ட வேண்டும் என்று அவளும் நினைத்திருந்தாள், நானும் நினைத்திருந்தேன்.

அப்போதுதான் எங்கள் ஊர்ப்பெயர் ஞாபகத்துக்கு வந்தது.

புளியறையில் சதாசிவமூர்த்தி கோயில் இருக்கிறது. வியாழக்கிழமைகளில் அங்குள்ள தட்சிணாமூர்த்தியைப் பார்க்க வெளியூர்க் கார்கள் வரிசை கட்டும். அந்தக் கோயிலின் தலக்கதை இப்படிப் போகிறது. ஒரு காலத்தில் சிதம்பரத்தில் நடராஜருக்கு ஆபத்து வந்தது. பக்தர்கள் திருமேனியைப் பீடத்திலிருந்து எடுத்து, தெற்கே தெற்கே கொண்டுவந்து, மலையடிவாரத்தில் இந்த ஊர்ப் புளியமரத்துப் பொந்தில் ஒளித்துவைத்தார்கள். புளியமரத்து அறை, புளியறை. காலம் தெளிந்ததும் நடராஜர் சிதம்பரத்துக்குத் திரும்பிவிட்டார். பொந்து ஊராகிவிட்டது.

சின்ன வயதில் இந்தக் கதை எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. உலகத்தையே ஆட்டிவைக்கிறவர் ஏன் பொந்தில் ஒளிய வேண்டும்? ஒரு காலைத் தூக்கி நின்ற இடத்திலேயே நின்று காட்டியிருக்கலாமே? இப்போது அப்படித் தோன்றுவதில்லை. ஆடுகிறவருக்கு ஆட முடியாத காலம் என்று ஒன்று வந்தால், அந்தக் காலம் முடிகிறவரை அவரை இருட்டில் பத்திரமாக வைத்திருக்கிறவர்கள் வேண்டும். எந்தக் காலத்தில் எதை எடுத்து உள்ளே வைக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் அவர்கள். தேர்வடம் வருஷத்தில் சில நாள்தான் தெருவைப் பார்க்கிறது. மிச்ச நாளெல்லாம் அது பாம்புபோலச் சுருண்டு கோயில் இருட்டில் கிடக்கிறது. அதனால் அதை யாரும் வடம் இல்லை என்று சொல்லிவிடுவதில்லை.

இதை நான் அவளுக்கு இப்படிச் சொல்லவில்லை. “புளியமரத்துப் பொந்து ஒண்ணு பாத்து வையி” என்று மட்டும் சொன்னேன். சிரித்தாள். கதை அவளுக்கும் தெரியும், ஊர்ப்பிள்ளை.

மார்ச் மாதக் கடைசியில் ஐஸ் தானாக விட்டது. கிண்ணங்களில் மூன்றின் மூட்டு பிளந்திருந்தது. மற்றவை நன்றாக இருந்தன. பிளந்ததை எடுத்துவிட்டு மிச்சத்தைக் கோத்தாள். சங்கிலி ஒன்றரைச் சாண் குறைந்துவிட்டது. அந்தக் குறை தெரியாமலிருக்க அடியில் ஒரு கல்தொட்டியை உயர்த்தி வைத்தாள். போன நவராத்திரி முடிந்து கொலுப் பொம்மைகளைப் பழைய துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தபோது, ஏணி போட்டு ஏறிச் சங்கிலியையும் இறக்கினாளாம். அனுப்பிய படத்தில் செட்டியாருக்கும் செட்டியாரம்மாவுக்கும் நடுவில், பச்சைக் களிம்பு படரத் தொடங்கிய செம்புக் கிண்ணங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கி இருந்தன.

அந்தப் படம் வந்த நேரம் இங்கே ஐப்பசி மழை. இது கிழக்கேயிருந்து வருகிற மழை, சாரலைப்போல மெதுவாகப் பேசத் தெரியாது. சங்கிலி முழுக்கச் சிதறிக்கொண்டிருந்தது. அடிக்கண்ணியில் அப்பா கட்டிய கம்பி துருவில் இற்றுப்போயிருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். நனைந்துகொண்டே புதுக் கம்பி கட்டினேன். நாலு விரல் இடம் விட்டேன்.